இரண்டில் ஒன்றாவது

ஜனவரி 9

அன்புள்ள சின்னண்ணாவுக்கு,

நீங்கள் நலமாக இருந்தால் நானும் நலம். இருமல் குறைந்ததா? மூன்றாவது மாடிக்கு ஏறி இறங்குவதைக் குறைத்துக்கொண்டீர்களா? உங்கள் காதுக்காகத் தொலைபேசியில் கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். கடிதமே மேல்.

இரண்டு விஷயம். முதலில் வேலை. போன மாதம் ஒரு மருத்துவமனையில் எங்கள் ரத்தப் பரிசோதனை மெஷின் நின்றுவிட்டது. பிழைச் செய்தி இல்லை, அணைந்துபோகவும் இல்லை. திரையில் ‘சரிபார்க்கப்படுகிறது’ என்று ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அங்கிருந்த லேப் டெக்னீஷியன் என்னைப் பிடித்துக்கொண்டார். “கெட்டுப் போச்சுன்னு சொல்லியிருந்தா நான் வேற மெஷினுக்கு மாத்தியிருப்பேன் மேடம். அதுபாட்டுக்கு வேலை பாக்குற மாதிரியே இருந்துச்சு. இப்ப வரும், இப்ப வரும்னு முக்கா மணி நேரம் உக்காந்திருந்தேன்.” அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

நோண்டிப் பார்த்தால் கடைசியில் உங்கள் கைவேலை. முப்பது வருஷத்துக்கு முன் நீங்கள் எழுதிய, இரண்டு பொருளை ஒப்பிட்டுப் பார்க்கும் ‘ஒப்பீடு’ என்ற டைப் கிளாஸ். நினைவிருக்கிறதா? அதில் இரண்டே கேள்வி: ‘சமமா’, ‘வேறா’. புதிதாக ஒரு வகை ரத்த மாதிரிக் குழாய் வந்தால், அதற்கு நிரல் எழுதுகிறவர் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். எழுதாத இடத்தில் நீங்கள் வைத்த டிஃபால்ட் வேலை செய்யும். ‘சமமா’வுக்கு டிஃபால்ட்: ‘வேறா’வைக் கேட்டு, வந்த பதிலைத் தலைகீழாக்கு. ‘வேறா’வுக்கு டிஃபால்ட்: ‘சமமா’வைக் கேட்டு, வந்த பதிலைத் தலைகீழாக்கு. ஒன்றை எழுதினால் மற்றது தானே வந்துவிடும். எங்கள் குழுவில் ஒருத்தி இரண்டையுமே எழுதவில்லை. நிரலைச் சரிபார்த்து மெஷினுக்கு மாற்றித் தரும் கம்பைலரும் வாயைத் திறக்கவில்லை. அது இதைக் கேட்க, இது அதைக் கேட்க, முக்கால் மணி நேரம்.

இப்போது ‘ஒப்பீடு’ இருக்கும் அந்த நிரல் லைப்ரரியைப் புதிதாக எழுதுகிறோம். இந்த டிஃபால்ட்டுகள் இருக்கட்டுமா, எடுத்துவிடவா? பிரிண்ட் எடுத்து இரண்டு பக்கம் வைத்திருக்கிறேன். இரண்டில் ஒன்று சொல்லுங்கள்.

அடுத்தது நெட்டையண்ணன். ஞாயிறன்று அவர் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போனேன். வலது கால் பெருவிரல் கறுத்துவிட்டது. பாதத்தை எடுத்துவிட்டால் பிழைப்பார் என்கிறார் டாக்டர். எடுக்காமல் மருந்தில் பார்க்கலாமாம், ஆனால் மேலே ஏறிவிட்டால் ஆள் மிஞ்சமாட்டாராம். அண்ணனுக்குப் பேச்சும் நினைவும் போய் நாலு வருஷம், அவரைக் கேட்க வழியில்லை. நம் இருவரில் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். சர்வேயராக ஊரெல்லாம் நிலம் அளக்கும் சங்கிலி இழுத்து நடந்த கால் அது. அவர்கள் தந்த படிவத்தை நிரப்பாமலே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்கள் அன்புத் தங்கை,
மிளகாய்


ஜனவரி 20

அன்புள்ள தங்கை மிளகாய்க்கு,

உன் நலமே என் நலம். இருமல் இருக்கிறது. பழகிவிட்டது.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். இணைத்த பக்கங்களைப் பென்சிலால் வரி வரியாகச் சரிபார்த்தேன். என்னால் ஒரு மெஷின் நின்றது என்பதை நினைத்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த டிஃபால்ட்டுகளை நான் ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். சில வகைகளில் இரண்டும் ஒன்றென்று காட்டுவது எளிது. சிலவற்றில் வேறென்று காட்டுவது எளிது. முதல் வித்தியாசம் கண்ணில் பட்டதும் நிறுத்திவிடலாம். எது எளிது என்பது வருகிறவருக்குத்தான் தெரியும். அவரைப் பார்த்து ‘இதைத்தான் எழுத வேண்டும்’ என்று கட்டாயப்படுத்த எனக்கு அன்று வாய் வரவில்லை. இரண்டு கதவையும் திறந்து வைத்தேன். இரண்டிலும் நுழையாமல் ஒருவர் நிற்பார் என்று தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

ஆகையால் எடுத்துவிடலாம். ஆனால் எடுத்தால், ஒன்றை மட்டும் எழுதி நிம்மதியாக இருக்கும் பழைய நிரல்கள் உடையும். ஆகையால் வைத்திருக்கலாம் என்றும் படுகிறது. நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். நீ வேலையில் இருப்பவள், நான் எட்டு வருடமாகத் திரையைத் தொடாதவன்.

நெட்டையண்ணனைப் பற்றி. நீ நேரில் பார்த்திருக்கிறாய். நான் அவரைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. பார்க்காதவன் அபிப்பிராயத்துக்கு என்ன மதிப்பு? நீ எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

என்றும் உன் நலம் நாடும்,
சின்னண்ணன்


ஜனவரி 21

முதியோர் இல்ல மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அங்குள்ளோரும் நலம் என நம்புகிறேன்.

என் தமையனாரின் கால் அறுவை சிகிச்சை குறித்து: இதில் என் தங்கையின் முடிவே என் முடிவு என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அவர் எழுதுவதை நானே எழுதியதாகக் கொள்ளவும்.

தங்கள் உண்மையுள்ள,
(கையெழுத்து)


பிப்ரவரி 2

அன்புள்ள சின்னண்ணாவுக்கு,

நீங்கள் நலம்தானே? அப்படியானால் நானும் நலம்.

ஒரு லாட்ஜ் அறையிலிருந்து எழுதுகிறேன். அந்த மெஷின் பதினோரு மருத்துவமனைகளில் இருக்கிறது. ஒவ்வொன்றாக நேரில் போய், விட்டுப்போன பதிலை நிரலில் சேர்த்து வரச் சொல்லிவிட்டார்கள். இன்னும் ஐந்து வாரம் வீட்டுப் பக்கம் போக முடியாது. உங்கள் கடிதம் நான் கிளம்பியபின் வந்து, ஆபீஸ் வழியாகச் சுற்றி இன்றுதான் கிடைத்தது.

படித்ததும் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எடுக்கலாமாம், வைத்திருக்கலாமாம்! நெட்டையண்ணன் உங்களுக்கு ‘ரப்பர்’ என்று சும்மாவா பெயர் வைத்தார்? பள்ளி நோட்டில் நீங்கள் எழுதிய இடத்தைவிட அழித்துக் கிழிந்த இடம்தான் அதிகம் என்பார். எனக்கு வைத்த பெயரை நான் இன்னும் காப்பாற்றி வருகிறேன். நேற்றுக்கூட ஒரு மருத்துவமனை அதிகாரி, “உங்க கம்பெனியில வேற ஆளே இல்லையா மேடம், கொஞ்சம் அமைதியா பேசுற மாதிரி?” என்று கேட்டார்.

கால் விஷயம். நான் கிளம்புமுன் இல்லத்துக்கு எழுதிப் போட்டுவிட்டேன், சின்னண்ணா என்ன சொல்கிறாரோ அதுதான் என் பதில் என்று. அவருக்கு அடுத்து வீட்டில் மூத்தவர் நீங்கள். உங்களைத் தாண்டி நான் முடிவெடுத்தால் அது சரியாக இருக்காது. ஆகவே நீங்கள்தான் எழுத வேண்டும். எடுக்கலாம் அல்லது வேண்டாம், ஒரு சொல். இந்த வாரமே எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
மிளகாய்


பிப்ரவரி 13

அன்புள்ள தங்கை மிளகாய்க்கு,

உன் நலமே என் நலம். லாட்ஜ்களில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி.

டிஃபால்ட் பற்றி மறுபடி யோசித்தேன். இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, கிளாஸின் தலைப்பில் ஒரு குறிப்புச் சேர்க்கலாம்: ‘இரண்டில் ஒன்றாவது எழுதப்பட வேண்டும்.’ இப்படி ஒரு குறிப்பைக் கம்பைலர் புரிந்துகொள்ளும் என்று படித்திருக்கிறேன். ஒருவர் இரண்டையும் விட்டுவிட்டால் அது எச்சரிக்கை தரும். யாரையும் கட்டாயப்படுத்தியதாகவும் இருக்காது, யாரும் தெரியாமல் விழவும் மாட்டார்கள். பழைய நிரல்களும் உடையா. பென்சிலில் அந்த வரியை எழுதி, உன் இரண்டு பக்கங்களைப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மூலம் என்னிடம் இருக்கிறது.

இது நடுவழி என்று நீ சொல்வாய். நடுவழியிலும் ஊர் போய்ச் சேரலாம் அல்லவா?

இந்த அறையின் ஜன்னலுக்கு எதிரே புதிதாக ஒரு கட்டடம் எழுப்புகிறார்கள். காலையில் ஒருவர் முக்காலி நிறுத்தி அளவெடுக்கிறார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் கையசைப்பதைப் பார்த்தால் நெட்டையண்ணன் மாதிரியே இருக்கிறது. அவர் நகர்ந்து போகும்வரை நின்று பார்த்தேன்.

இல்லத்துக்கு எழுதிவிட்டேன். நீ கவலைப்படாமல் வேலையைப் பார்.

என்றும் உன் நலம் நாடும்,
சின்னண்ணன்


பிப்ரவரி 24

அன்புடையீர்,

வணக்கம். நலமென நம்புகிறோம்.

தங்கள் தமையனார் குறித்துத் தாங்களும் தங்கள் சகோதரியும் அனுப்பிய கடிதங்கள் கிடைத்தன. தங்கள் கடிதம் சகோதரியின் முடிவே தங்கள் முடிவு என்கிறது. அவருடைய கடிதம் தங்கள் முடிவே அவர் முடிவு என்கிறது. இவற்றைக் கொண்டு நாங்கள் எதுவும் செய்ய இயலாத நிலையில் உள்ளோம்.

கறுப்பு பாதத்தின் நடுப்பகுதிவரை வந்துள்ளது. மார்ச் 5ஆம் தேதிக்குள் செய்தால் கணுக்காலோடு முடியும் என்று மருத்துவர் கூறுகிறார். வாய்மொழிச் சம்மதத்தை ஏற்க விதியில் இடமில்லை. இருவரில் ஒருவர் தெளிவாக எழுதி அனுப்பினால் போதும். இதன் பிரதி தங்கள் சகோதரியின் வீட்டு முகவரிக்கும் அனுப்பப்படுகிறது.

இப்படிக்கு,
மேலாளர்


மார்ச் 6

அன்புள்ள சின்னண்ணாவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

எட்டு மருத்துவமனை முடிந்தது. ஒவ்வொரு லேப்பிலும் அதே மருந்து நெடி, அதே டியூப்லைட், அதே கேள்வி: “இனிமே நிக்காதுல்ல?” நிற்காது என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

உங்கள் குறிப்பைக் குழுவில் சொன்னேன். ஒருவன் எழுந்து, “மேடம், ஒரு தடவை பில்ட் பண்ணா முந்நூறு வார்னிங் ஓடுது. அதுல இது முந்நூத்தி ஒண்ணு. யாரு படிப்பா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சொல்வது உண்மை. எச்சரிக்கை என்பது படிக்க மனமிருப்பவருக்குத்தான். டிஃபால்ட்டே இல்லாத கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டால் மட்டும்தான் எங்கள் கம்பைலர் ‘தாண்டாதே’ என்று பிடித்து நிறுத்தும். ஆகவே கேள்வி அப்படியே நிற்கிறது. எடுக்கவா, வேண்டாமா?

நேற்று இல்லத்துக்கு போன் போட்டேன். மேலாளர் இல்லை. எடுத்த பெண்ணிடம், “எங்கண்ணன் கிட்டேர்ந்து லெட்டர் வந்துச்சாம்மா?” என்றேன். “வந்திருக்குங்க, ஃபைல்ல இருக்கு” என்றாள். அப்பாடா என்று வைத்துவிட்டேன். அப்புறம்தான், என்ன எழுதினீர்கள் என்று கேட்கவில்லையே என்று தோன்றியது. உங்கள் முடிவு எதுவானாலும் நான் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை. ஆனால் எது என்று எழுதுங்கள். எடுத்துவிட்டார்களா?

உங்கள் அன்புத் தங்கை,
மிளகாய்


மார்ச் 12

அன்புள்ள தங்கை மிளகாய்க்கு,

உன் நலமே என் நலம்.

முந்நூற்று ஒன்றாவது எச்சரிக்கை என்று அந்தப் பையன் சொன்னதை வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மறுபுறம், எச்சரிக்கையைப் படித்தும் ஒருவர் பேசாமல் இருந்தால் அதற்கு எந்த லைப்ரரி என்ன செய்ய முடியும்?

பென்சில் தீர்ந்து புதியது வாங்கினேன். எதிர்க் கட்டடம் இரண்டாம் தளம்வரை வந்துவிட்டது. அளவெடுப்பவர் இப்போது வருவதில்லை.

இல்லத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
சின்னண்ணன்


மார்ச் 19

மேலாளர் அவர்களுக்கு,

என் தமையனாரின் காலை எடுத்துவிடுங்கள். கணுக்காலோ முழங்காலோ, மருத்துவர் சொல்லும் இடத்தில். இது என் முடிவு. என் தங்கையைக் கேட்க வேண்டியதில்லை.

(கையெழுத்து)


மார்ச் 24

அன்புடையீர்,

தங்கள் 19ஆம் தேதிக் கடிதம் நேற்று, 23ஆம் தேதி, கிடைத்தது. தங்கள் தமையனார் 21ஆம் தேதி காலை காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். அன்றே தங்களுக்கு ஒரு விரைவு அஞ்சல் அனுப்பினோம். அது கிடைத்திருக்கும் என நம்புகிறோம். தங்கள் சகோதரிக்கு அவர் அலுவலகம் மூலம் தெரிவிக்கப்பட்டு, அவர் வந்து ஆகவேண்டியதைச் செய்தார்.

கடைசி இரு நாட்கள் காய்ச்சலில் நினைவின்றி இருந்தார். வலியில்லை.

இப்படிக்கு,
மேலாளர்


ஏப்ரல் 11

சின்னண்ணா,

நீங்கள் வரவில்லை. உடம்பு முடியவில்லை என்று உங்கள் கீழ்வீட்டுக்காரர் போனில் சொன்னார். சரி.

கணக்குத் தீர்க்கிற மாதிரி எழுத எனக்கும் விருப்பமில்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணனின் சாமான்களை எடுக்கப் போனபோது மேலாளர் ஃபைலைக் காட்டினார். உங்கள் ஜனவரிக் கடிதம், அதன்மேல் என் ஜனவரிக் கடிதம், இரண்டையும் ஒரே குண்டூசியில் குத்தியிருந்தார்கள். ‘தங்கையின் முடிவே என் முடிவு.’ ‘அண்ணனின் முடிவே என் முடிவு.’ எழுத்துகூட ஒரே மாதிரி சாய்ந்திருந்தது. நம் மூவருக்கும் ஒரே ஆசிரியர்தானே.

மேலாளர் நல்ல மனுஷர். “ரெண்டு பேரும் ரொம்ப மரியாதையா எழுதியிருந்தீங்கம்மா. இந்த மாதிரி குடும்பம் நான் பாத்ததே இல்ல” என்றார். கேலிக்காகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. அப்புறம் அவரே, நாலு வருஷத்துக்கு முன், பேச்சு போவதற்குச் சற்று முன்னால், தன் சார்பில் முடிவெடுப்பவர் யார் என்ற படிவத்தை அண்ணன் நிரப்பியதைச் சொன்னார். ஒரு பெயர் போதும் என்றார்களாம். அண்ணன் கேட்கவில்லையாம். “ரெண்டு பேரையும் போடுங்க சார். ஒருத்தன் ரப்பரு, ஒருத்தி மிளகா. எப்படியும் ஒருத்தராச்சும் வாயத் தொறக்காமலா போயிடுவாங்க?”

நான் ஜனவரியிலேயே அவர் கட்டிலருகே நின்று எழுதியிருக்கலாம். பேனா கையில் இருந்தது. நாலு அதிகாரியை மிரட்டுகிற எனக்கு அன்று வாய் வரவில்லை. மூத்தவர் நீங்கள் என்று நான் எழுதியது மரியாதை இல்லை, பயம். அதை நான் யார்மேலும் போடவில்லை.

பதினோரு மருத்துவமனையும் முடிந்தது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் கதவடியில் இல்லத்தின் பிப்ரவரிக் கடிதப் பிரதி. மார்ச் 5 என்று கெடு போட்டிருந்தது. உங்களுக்கு வந்த மூலம் எந்தத் தேதியில் கையில் கிடைத்தது? ‘எழுதிவிட்டேன், கவலைப்படாதே’ என்று எனக்கு எழுதினீர்களே, எதை எழுதியிருந்தீர்கள்?

தேதி மட்டும் எழுதினாலும் போதும்.

மிளகாய்


மே 3

மிளகாய்க்கு,

நான் நலமாக இல்லை. மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் ஏற முடிகிறது. இருமலில் ரத்தம் வருகிறது. ஜனவரியிலேயே வந்தது, உனக்கு எழுதவில்லை.

தேதி: பிப்ரவரி 27. உன் நிரல் பக்கங்களுக்கு அடியில் அதை வைத்தேன். இருபது நாள் அங்கேயே இருந்தது. ‘எடுங்கள்’ என்று பென்சிலில் எழுதி அழித்தேன். ‘வேண்டாம்’ என்று எழுதியும் அழித்தேன். எதை எழுதினாலும் அது நான் செய்ததாகிவிடும் என்று கை நின்றது. உனக்கும் ஒரு பிரதி போயிருப்பதாகக் கடிதத்தில் இருந்தது. நீ வீட்டில் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், நீ எழுதிவிடுவாய் என்று காத்திருந்தேன்.

பிப்ரவரி 13 அன்று ‘எழுதிவிட்டேன்’ என்றது ஜனவரியில் எழுதிய அந்த மரியாதைக் கடிதத்தைத்தான். நீ வேறு விதமாக எடுத்துக்கொள்வாய் என்று தெரிந்தே எழுதினேன். பொய் எழுதவில்லை என்று அன்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடக்கத்துக்கு வராததற்கு உடம்பு பாதிக் காரணம். மீதியை நீ ஊகித்திருப்பாய்.

உன் முதல் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ‘சமமா’வுக்கு நான் வைத்த டிஃபால்ட்டை எடுத்துவிடு. ‘வேறா’வுக்கு இருப்பது இருக்கட்டும், அது ‘சமமா’வைக் கேட்டுக்கொள்ளும். ‘சமமா’வை வருகிறவர் எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் கம்பைலர் அவரை அங்கேயே நிறுத்தட்டும். எச்சரிக்கை போதாது. ‘வேறா’வை மட்டும் எழுதிவைத்த பழைய நிரல்கள் உடையும், எழுதியவர்கள் திட்டுவார்கள். யார் மாற்றச் சொன்னது என்று கேட்டால் என் பெயரைச் சொல். அந்தப் பக்கத்தில் அந்த ஒரு வரியைப் பேனாவால் அடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இங்குள்ள டாக்டர் எனக்கும் ஒரு படிவம் தந்தார். ‘தங்கள் சார்பில் முடிவெடுப்பவர்’ என்று இரண்டு கோடுகள். இரண்டையும் அடித்துவிட்டு, எது செய்யலாம், எது வேண்டாம் என்று கீழே நானே எழுதிக்கொடுத்தேன் என்று சொல்ல ஆசை. இன்னும் கொடுக்கவில்லை, எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போகும்போது அதையும் கொடுத்துவிடுவேன்.

நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது. நான் எப்படி இருக்கிறேன் என்பதைப் பார்த்து எழுதாதே.

ரப்பர்